லிஃப்டம்மாவின் தகர டப்பா

ஓடிப்போனாளாம்! நரம்பில்லாத நாக்கு எந்தப் பக்கமும் வளையும் என்பதற்காக இப்படியா வளைப்பது? அறுபத்து மூன்று வயதில், இரண்டு முழங்காலிலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, தோளில் ஒரு துணிப்பையும் கையில் ஒரு மர ஸ்டூலுமாக ஒருத்தி எங்கே ஓடுவாள்? யாரோடு ஓடுவாள்? ஓடிப்போகிறவள் எவளாவது வழியில் களைத்தால் உட்காரலாம் என்று ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடுவாளா? கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருத்தி சொன்னால், கேட்கிற தெருவுக்கு எங்கே போயிற்று புத்தி?

சொன்னவள் பால்கனிக்காரி. தெருவின் நடு வீட்டில் முதல் மாடியில் இருக்கிறாள். துணி காயப்போட வருவாள். துணி காய்ந்த பிறகும் அவள் உள்ளே போகமாட்டாள்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன். காலையில எட்டு மணி. ஒரு டப்பாவை மார்போட இறுக்கி அணைச்சுக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்காம போறா. நகையா இல்லாம வேற என்ன? கொல்லைக் கேட்டுச் சாவி இப்ப தீவனக்கடைக்காரர்கிட்ட இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் தொறந்துக்கிட்டு உள்ள போறாரு. நாலு வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டுட்டு இவ எங்கயோ போய்ட்டா. இதுக்கு மேலயும் நான் சொல்லணுமா?"

வேண்டாம், தாயே, நீ சொன்னதே போதும். டப்பாவும் உண்மை, சாவியும் உண்மை, அவள் திரும்பிப் பார்க்காமல் போனதும் உண்மைதான். உண்மையையே எடுத்துப் பொய்க்குத் தைத்துப் போட்டிருக்கிறாய். தையலைப் பிரித்துக் காட்டினால்தான் தெரியும்.

அவளுக்கு லிஃப்டம்மா என்று பெயர் வந்தது ஆஸ்பத்திரியில். எட்டு மாடி ஆஸ்பத்திரி. அங்கே முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டினாள். சலவைப் பிரிவில் வேலை பார்த்த அவளுடைய அக்காதான் சொல்லி அந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். இரும்புக் கதவு போட்ட பெட்டி. மூலையில் ஒரு மர ஸ்டூல். வருகிறவர்களிடம் "எந்த மாடி?" என்று கேட்டுப் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கீழேயிருந்து எட்டாம் மாடிக்குப் போவதற்குள் மனுஷர்கள் தங்கள் வாழ்க்கையில் பாதியைச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் மாடி பிரசவம். ஆறாம் மாடி ஆபத்தானவர்கள். மூன்றாம் மாடிக்காரர்கள் அவள் கையில் மிட்டாயைத் திணித்துவிட்டு இறங்குவார்கள். ஆறாம் மாடிக்காரர்கள் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யார் என்றுகூடத் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை.

எடை பார்ப்பதில் அவள் கெட்டிக்காரி. ஒன்பது பேர், அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று பெட்டிக்குள் எழுதியிருக்கும். ஆள் ஏறும்போது தரை எவ்வளவு அமுங்குகிறது என்று அவளுடைய உள்ளங்காலுக்குத் தெரியும். "நீங்க ரெண்டு பேரும் அடுத்த தடவை வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஒருமுறை பழுது பார்க்க வந்த மெக்கானிக் பெட்டிக்கு மேலே ஏறி அவளுக்குக் காட்டினார். "இவ்வளவு பெரிய பெட்டியை மோட்டார் தூக்குதுன்னு நெனச்சீங்களா? பின்னாடி பாருங்க. இதுக்குச் சரியா இரும்புக் கட்டி தொங்குது. அது எறங்கும், இது ஏறும். மோட்டார் சும்மா தட்டிக் குடுக்குது." அந்த இரும்புக் கட்டிகளை அவள் மறக்கவே இல்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை புது லிஃப்ட் வந்தது. தானே மூடியது, தானே திறந்தது, மாடியின் எண்ணைத் தானே சொன்னது.

"இனிமே ஜனங்களே அமுத்திக்குவாங்கம்மா" என்றார் மேலாளர்.

அவள் கேட்டது ஒன்றுதான். "ஸ்டூலை எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க அதே ஆஸ்பத்திரிக்குப் போனபோது, லிஃப்டில் பின்னால் ஏறிய ஒரு பெண்ணிடம் வாய் தவறி "எந்த மாடி?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பெண் ஒரு அடி தள்ளி நின்று, தன் பொத்தானைத் தானே அமுக்கிக்கொண்டாள். லிஃப்டம்மா அடுத்த மாடியில் இறங்கிப் படியால் நடந்து வந்தாள்.

புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. பிள்ளை இல்லை. அக்கா வேறு ஊரில், ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், அவளும் தனியாக. வீட்டில் சத்தம் என்று இருந்தது குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான். அது நின்றுவிட்டால் லிஃப்டம்மா எழுந்துபோய் அதைப் பார்த்துவிட்டு வருவாள்.

அப்போதுதான் கொல்லையில் ஐந்து கோழிகள் வந்தன. கடைத்தெருவில் தீவனக்கடை வைத்திருந்தவரிடம் குஞ்சாக வாங்கியது. பெயரெல்லாம் ஆஸ்பத்திரிப் பெயர்தான். நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்தது சீஃப் டாக்டர். எல்லோரையும் அதட்டி, எல்லாவற்றுக்கும் முதலில் ஓடி வந்த கொழுத்த கோழி ஹெட் நர்ஸ். யார் வாயில் எது இருந்தாலும் பிடுங்கிக்கொள்வது பில் கவுண்டர். ஓரிடத்தில் நிற்காதது ஓபி. குஞ்சிலேயே வலது கால் மடங்கி, சாய்ந்து சாய்ந்து நடந்த நோஞ்சான்தான் ஸ்ட்ரெச்சர்.

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சூரியகாந்தி விதையைப் போட்டு வைத்திருந்தாள். டப்பாவைக் குலுக்கினால் போதும், ஐந்தும் இறக்கையை விரித்துக்கொண்டு பாய்ந்து வரும். கடைசியாக ஸ்ட்ரெச்சர், ஒரு பக்கம் சரிந்த வண்டி மாதிரி. உலகத்தில் அவளைப் பார்த்து ஓடி வந்த ஜீவன்கள் அந்த ஐந்துதான். அதனால் காலையில் குலுக்கினாள். மத்தியானம் குலுக்கினாள். வெறுமனே இருந்த சாயங்காலங்களில் மூன்று தடவை, நாலு தடவை குலுக்கினாள்.

தீவனக்கடைக்கு அடிக்கடி போனாள் என்கிறார்களே, போனாள்தான். முதலில் வாங்கியது பிளாஸ்டிக் தட்டு. கோழிகள் அதற்குள் ஏறி நின்று தீவனத்தைக் காலால் வாரி இறைத்தன, மேலேயே எச்சமும் போட்டன. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

"தம்பி, இது சரிப்படல. சாப்பாட்டுத் தட்டுலயே கக்கூஸ் போனா யாரு சாப்பிடுவா?"

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். "அப்ப தொங்கற குடுவை எடுத்துக்குங்க. கோழியோட முதுகு ஒசரத்துக்குக் கட்டணும். அதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது."

கட்டினாள். நாலு பேருக்கு முதுகு உயரம் சரியாக இருந்தது. ஸ்ட்ரெச்சருக்கு எட்டவில்லை. ஸ்ட்ரெச்சருக்கு இறக்கினால் மற்றவை தட்டி ஊஞ்சலாட்டின. மறுபடி கடை. இந்த முறை சுவரில் பொருத்துகிற குழாய், அடியில் யானைத் தும்பிக்கை போல வளைந்த வாய். அதில் ஒரு நேரத்தில் ஒரு கோழிதான் தின்ன முடியும். பில் கவுண்டர் அந்த வாயை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. மழை பெய்து அடியில் தீவனம் கட்டிப் போய்ப் பூசணம் பிடித்தது. மறுபடி கடை.

கல்லாவில் உட்கார்ந்திருந்த கடைக்காரரின் பெண்டாட்டி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள். வாய் கொஞ்சம் கூர்மை, மனசு பஞ்சு. ஒருநாள் சொன்னாள்: "அக்கா, நீங்க தீனிக் குடுவையைத் திருப்பிக் குடுக்க வர்றீங்களா, இவரோட பேச்சுக் குடுக்க வர்றீங்களா? நெஜத்தைச் சொல்லுங்க. பேசறதுக்குன்னா என்கூடப் பேசுங்க. இவருக்குத் தீவனத்தைத் தவிர ஒண்ணும் தெரியாது."

லிஃப்டம்மாவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. அப்புறம் சிரித்துவிட்டாள். பிடிபட்ட சிரிப்பு. அன்றைக்கு ஒரு மணி நேரம் கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள். இதுதான் தீவனக்கடை ரகசியம். இன்னும் கேட்க வேண்டுமா?

அப்போதே கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். "லிஃப்டம்மா, விதை கிதையெல்லாம் தின்பண்டம். பத்துல ஒரு பங்குக்கு மேல போகக்கூடாது. பாசத்துல கோழிக்குக் கொழுப்பு ஏத்தாதீங்க. வேணும்னா ஒரு முட்டைக்கோஸைக் கயித்துல கட்டித் தொங்கவிடுங்க. குதிச்சுக் குதிச்சுக் கொத்தும். ஒடம்புக்கும் நல்லது."

"சரி தம்பி."

"இன்னொண்ணு. இந்தப் பெட்டியைப் பாருங்க." தகரப் பெட்டி. முன்னால் ஒரு பலகை. கோழி பலகையில் ஏறி நின்றால் மூடி மேலே எழும், இறங்கினால் மூடும். "மழை எறங்காது, எலி நுழையாது. ஒரு தடவை ரொப்பினா ரெண்டு வாரத்துக்கு வரும். நீங்க இல்லன்னாலும் அதுங்களே தொறந்து தின்னுக்கும்."

லிஃப்டம்மா அந்த மூடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுங்களே தொறந்து தின்னுக்கும்னா, அப்புறம் நான் எதுக்குத் தம்பி?"

கடைக்காரர் பெட்டியைப் பழையபடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அக்காவின் தொலைபேசி வந்தது அதற்கு அடுத்த வாரம்.

"என்னடி பண்றே?"

"கோழிக்குத் தீனி வெக்கறேன். நீ?"

"நான் தூணோட பேசிட்டு வந்தேன். மாடிப்படியில யாரோ நிக்கறாங்கன்னு நெனச்சுப் பத்து நிமிஷம் பேசினேன். கிட்டப் போய்த் தொட்டா, தூண். பரவால்ல, நல்ல மனுஷன். குறுக்க பேசாம முழுசாக் கேட்டான்."

லிஃப்டம்மா சிரிக்கவில்லை. "கண்ணு அவ்வளவு மோசமாப் போச்சா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஓரத்துல தெரியும், நடுவுல தெரியாது, இனிமே அப்படித்தான்னாரு. எனக்கே தெரிஞ்சதை எனக்குச் சொல்றதுக்கு அவருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் மருந்து எடுத்துக் குடுக்கும், அடுப்பை அணைச்சிருக்கனான்னு வந்து பாக்கும். அவங்க அடுத்த மாசக் கடைசியில காலி பண்ணிட்டுப் போறாங்க. நான் இல்லத்துல எழுதிக் குடுத்துட்டேன். மாசம் முடியற அன்னிக்கு வண்டி வரும்."

"எந்த இல்லம்?"

"கெழவிங்களை அடுக்கி வெக்கற இல்லம்தான். வேற எந்த இல்லம்?"

நான் வருகிறேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அக்கா கேட்க மாட்டாள். ஒரு குடம் தண்ணீர்கூட யாரையும் தூக்கித் தரச் சொல்லாத பிறவி. சொல்ல வேண்டியவள் இவள்தான். வெளியே வந்தது வேறு.

"கோழிங்க இருக்கே அக்கா."

"ஆமா" என்றாள் அக்கா. "கோழிங்க இருக்கு." தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கோழி ஒரு சாக்கு. அங்கே போய் என்ன செய்வது? எதைத் தொட்டாலும் 'விடுடி, நானே பாத்துக்கறேன்' என்பாள் அக்கா. கண் தெரியாவிட்டாலும் சொல்வாள், கை இல்லாவிட்டாலும் சொல்வாள். நீ தேவையில்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு, அதைச் சொந்த அக்காவின் வாயால் இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை. இங்கேயென்றால் டப்பாவைக் குலுக்கினால் ஓடி வருகிறார்கள். அன்று சாயங்காலம் ஆறு தடவை குலுக்கினாள்.

பத்து நாள் கழித்து, வெயில் உச்சியில் இருந்த நேரத்தில் டப்பாவைக் குலுக்கினாள். ஹெட் நர்ஸ் வழக்கம்போல முதல் ஆளாக ஓடி வந்தது. பாதி வழியில் நின்றது. வாயைத் திறந்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் போய்த் தூக்குவதற்குள் கழுத்து தொங்கிவிட்டது.

துணியில் சுற்றித் தீவனக்கடைக்கு எடுத்துப்போனாள். பாம்பு கடித்ததா, விஷம் கிஷம் தின்றதா என்று கேட்கத்தான் போனாள். கடைக்காரர் அதைப் புரட்டி, வயிற்றுப் பக்கத்து இறகை வாயால் ஊதி விலக்கினார். தோலுக்கு அடியில் மஞ்சளாக, தடிமனாக, மெழுகு போல.

"பாம்பும் இல்ல, விஷமும் இல்லம்மா."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நல்ல மனுஷர். லிஃப்டம்மாவே சொன்னாள். "டப்பாதான்."

"விடுங்கக்கா. தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள் கல்லாவில் இருந்தவள்.

"தம்பி சொன்னாருல்ல, ஏம்மா? தெரிஞ்சுதான் செஞ்சேன். அது ஓடி வர்றதைப் பாக்கறதுக்கு நான் குலுக்கினேன். அது பசிக்குன்னு நெனச்சு ஓடி வந்துச்சு."

ஹெட் நர்ஸைக் கொல்லை மூலையில் புதைத்தாள். மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றாள். "அந்தத் தகரப் பெட்டியைக் குடுங்க."

"தானா தொறக்கறதா?"

"அதான்."

அந்தப் பெட்டியைக் கோழிக்குப் பழக்குவதில் ஒரு முறை உண்டு. முதல் வாரம் மூடியை முழுக்கத் திறந்து கட்டி வைக்க வேண்டும். தின்று பழகட்டும். அடுத்த வாரம் பாதி. அதற்கு அடுத்த வாரம்தான் முழுக்க மூடலாம். அப்போது கோழி பலகையில் கால் வைத்தால் மூடி அசைவதற்குப் பயப்படாது. கடைக்காரர் இதைப் படித்துப் படித்துச் சொன்னார். ஆனால் மாசக் கடைசிக்கு முப்பது நாள்கூட இல்லை. மூன்றாம் நாளே அவள் கட்டை அவிழ்த்து மூடியை இறக்கிவிட்டாள். சீஃப் டாக்டர் பலகையில் ஏறியது. மூடி 'டணார்' என்று எழுந்தது. சீஃப் டாக்டர் சுவர் உயரத்துக்குப் பறந்தது. நாலும் வேலியோரம் ஒண்டிக்கொண்டன, ஒன்றரை நாள் பெட்டிப் பக்கமே வரவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு நாளும் கயிற்றை ஒரு விரற்கடை இறக்கினாள்.

பன்னிரண்டு நாளில் மூடி முழுக்க மூடியது. கோழிகள் பயப்படவில்லை. ஆனால் பெட்டியைத் தொடவும் இல்லை. சமையலறைக் கதவுக்கு எதிரே வரிசையாக வந்து நின்று கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தன. எவ்வளவு நேரம் ஆனாலும் இந்த அம்மா மனம் இளகி வெளியே வருவாள், டப்பா குலுங்கும் என்று அவற்றுக்குத் தெரியும். பாதி நாள் பார்த்துவிட்டு அவள் மனம் இளகவும் செய்தாள். அது தப்பு என்று தெரிந்தே இரண்டு தடவை குலுக்கிவிட்டாள்.

கடையில் போய் அழாத குறையாகச் சொன்னாள். கடைக்காரர் திருகாணியைப் பற்றி, பலகையின் சாய்வைப் பற்றி ஏதேதோ சொன்னார். அவர் பெண்டாட்டிதான் நறுக்கென்று சொன்னாள்.

"அக்கா, நீங்க கண்ணுல படற வரைக்கும் அதுங்க மிதிக்காது. பெட்டியில ஒரு குத்தமும் இல்ல. நீங்க இல்லாம இருந்து பழகுங்க."

பால்கனிக்காரி கதவு சாத்தியிருந்ததைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறாளே, பகலெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே யாரை ஒளித்து வைத்திருந்தாளோ என்று, அது இந்த நாட்கள்தான். ஒளிந்திருந்தது அவளேதான். சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் துணி போட்டு, கதவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். குழாயைத் திறக்கவில்லை, பாத்திரம் கழுவவில்லை, இருமல் வந்தால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் நாலும் கொக்கரித்தன, அலகால் கதவைத் தட்டின. கை தானாக மடியில் இருந்த டப்பாவுக்குப் போகும். இழுத்துக்கொள்வாள். பெட்டிக்குள் உட்கார்ந்து பழகியவள்தான், முப்பத்தொரு வருஷம். ஆனால் அந்தப் பெட்டிக் கதவு நிமிஷத்துக்கு ஒருமுறை திறக்கும். இந்தக் கதவு திறக்கவில்லை. அவள்தான் திறக்கக்கூடாது.

முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம், தூரத்தில் ஒரு சத்தம். டக். அப்புறம் மூடி இறங்குகிற சத்தம். சாயங்காலம் நாலைந்து தடவை. மறுநாள் காலையிலிருந்து அடிக்கடி. சீஃப் டாக்டர் ஏறுவது கனமான 'டொக்'. ஓபி ஏறி உடனே இறங்கிவிடும், 'டக்டக்'. பில் கவுண்டர் ஏறினால் மூடி இறங்கவே இறங்காது. லிஃப்டில் ஏறுகிறவர்களைக் காலால் கண்டுபிடித்த மாதிரி, இப்போது கோழிகளைக் காதால் கண்டுபிடித்தாள். கதவைத் தட்டுவது குறைந்துகொண்டே வந்தது. நாலாம் நாள் யாரும் தட்டவில்லை. மூன்று சத்தம் கேட்டது. நாலாவது சத்தம் மட்டும் கேட்கவே இல்லை.

ஸ்ட்ரெச்சரைத் துணிப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தாள். ஒன்றேகால் கிலோ. ஒற்றைக் காலால் மிதிக்கிறது, பலகை அசையவில்லை.

"இதை நாங்க எடுத்துக்கறோம்மா, கையால வெக்கறோம்" என்றார் கடைக்காரர்.

"கையால வெச்சா அது உங்க கையையே பாத்துக்கிட்டு நிக்கும், தம்பி. எனக்கு ஒரு கைப்பிடி நட்டும் ஒரு சின்ன டின்னும் குடுங்க."

மூடியின் பின்பக்கம், கீலுக்கு அந்தப் புறமாக, கம்பியால் டின்னைக் கட்டினாள். அதற்குள் இரும்பு நட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். பின்னால் கனம் ஏற ஏற முன்னால் மூடி லேசாகும். மெக்கானிக் காட்டிய அதே இரும்புக் கட்டிதான், இங்கே குட்டியாக. பலகையை விரலால் அமுக்கிப் பார்த்தாள், இன்னொன்று போட்டாள், மறுபடி அமுக்கினாள். பதினைந்தாவது நட்டுக்கு மூடி தானாகவே வாயைப் பிளந்துகொண்டது. ஒன்றை எடுத்துவிட்டாள். பதினாலு. காக்கை உட்கார்ந்தால் திறக்காது. ஸ்ட்ரெச்சர் ஏறினால் திறக்க வேண்டும்.

மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மாசக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. காலை போயிற்று. மூன்று சத்தங்கள் வந்து வந்து போயின. வெயில் ஜன்னல் துணியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தது. மற்றவை தின்று முடித்து நிழலுக்குப் போன பிறகு, கொல்லையில் ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில், கேட்டது. முதலில் பலகையில் ஒரு காலின் சுரண்டல். அப்புறம் நின்றுவிட்டது. அப்புறம் இன்னொரு சுரண்டல். மெதுவாக, முனகிக்கொண்டு, மூடி எழுந்தது. அலகு தகரத்தில் கொத்துகிற சத்தம், நிதானமாக, யாரும் பிடுங்காத சாப்பாட்டின் சத்தம்.

கதவைத் திறந்து பார்க்க அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! திறக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, உன் கட்டடத்துல லிஃப்ட் ஓடுதா?"

"ஆறு மாசமா ரிப்பேர். ஏன், வந்து ஓட்டப் போறியா?"

"நாலு மாடியும் நடந்தே ஏறிக்கறேன். வர்றேன்."

அக்காவின் குரல், வழக்கமான முறுக்கோடு வந்தது. "வந்து என்ன பண்ணப் போறே? எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. யாரு வேண்டாம்னா? நான் சும்மா உக்காந்திருக்கேன். ஸ்டூல் கொண்டு வர்றேன்."

அக்காவின் குரல் இறங்கியது. "இல்லத்து வண்டியை வேண்டாம்னு சொல்லணும். நம்பரை எங்கயோ எழுதி வெச்சேன். எழுத்துத் தெரியல."

"நான் வந்து படிக்கறேன்."

"கோழிங்க?"

"அதுங்க தின்னுக்கும்."

கிளம்புகிறதற்கு முன்னால் பெட்டியை விளிம்பு வரை நிரப்பினாள். கூண்டுக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தாள், பெரிய தண்ணீர்த் தொட்டியைக் கழுவி ரொப்பினாள், ஒரு முட்டைக்கோஸைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். கொல்லைக் கேட்டின் இன்னொரு சாவியைக் கடையில் கொடுத்தாள். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கொடுத்தது கடைக்காரர் கையில் இல்லை. கல்லாவில் இருந்த அவர் பெண்டாட்டி அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒருநாள் விட்டு ஒருநாள் இவரை அனுப்பறேன். தண்ணி மாத்துவாரு, தீவனம் பாப்பாரு. முட்டை எங்களுக்கு. பேச ஆளில்லன்னு நீங்க எனக்குப் போன் போடணும், அதுவும் சேர்த்துத்தான் பேச்சு" என்றாள்.

அந்தக் காலை எட்டு மணி. தோளில் பை, இடது கையில் ஸ்டூல், வலது கையில் பிஸ்கட் டப்பா. அதை அங்கே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசில்லை. யாராவது எடுத்துப் பாசமாகக் குலுக்கினால் என்ன ஆவது? விதையைக் கொட்டிக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தாள். ஆனால் அடியில் தகரத்தின் மடிப்பில் சிக்கிக்கொண்டு ஏழெட்டு விதை இருந்திருக்கிறது.

வீட்டைப் பூட்டி, பக்கவாட்டுச் சந்தின் வழியாகக் கொல்லையைக் கடந்து, கேட்டைத் திறந்தாள். முதல் அடி வைத்ததும் டப்பாவுக்குள் அந்த ஏழெட்டு விதையும் கலகலத்தன.

கோழிகளுக்கு முதுகு அவள் பக்கம். சீஃப் டாக்டரும் பில் கவுண்டரும் முட்டைக்கோஸுக்குக் குதித்துக்கொண்டிருந்தன. ஓபி எங்கேயோ போயிருந்தது. ஸ்ட்ரெச்சர் பலகை மேல் நின்று, தலையைப் பெட்டிக்குள் விட்டுத் தின்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டுத் தலையை வெளியே எடுத்தது. கழுத்தைச் சாய்த்தது. ஒரு காலைப் பலகையிலிருந்து தூக்கியது.

லிஃப்டம்மா டப்பாவை மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தாள், ஒரு விதைகூட அசையாதபடி. மூச்சையும் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் தூக்கிய காலைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தது. பிறகு பலகையில் வைத்தது. தலை பெட்டிக்குள் போயிற்று.

அவள் அப்படியே, டப்பாவை அணைத்தபடி, திரும்பிப் பார்க்காமல், சத்தம் வராமல் அடி வைத்து நடந்தாள். கேட்டைப் பின்னால் இழுத்துச் சாத்தியது முழங்கை.